மில் நிலம் விற்ற பணத்தில் ஓர் ஆய்வு நிறுவனம்: எப்படி நடத்தினால் நிற்கும்?

திண்ணை_வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் 31 ஆண்டு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கோவைப் பக்கம் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று, மூடிக் கிடந்த மில்லின் நிலத்தை விற்றது. அதில் 100 கோடி ரூபாயை ஒரு அறக்கட்டளையில் போட்டு, கணிதம், கோட்பாட்டு இயற்பியல், கோட்பாட்டுக் கணினியியல் மூன்றுக்கும் அரசு சாராத ஒரு நிறுவனம் தொடங்க ஆசைப்படுகிறார்கள். வீட்டுப் பெரியவருக்கு 84 வயது. "மெஷின் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும்தானே வாத்தியாரே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உதறல் எடுத்தது.

அடுத்த மாதம் அறங்காவலர் கூட்டம். இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார்கள். இதற்குள் ஆர்க்கிடெக்ட் ஒருவர் குவிமாடம் வைத்த கட்டடத்துக்குப் படமே வரைந்துவிட்டார்! எனக்கு மூன்று கேள்விகள். மாணவர்களைச் சேர்க்கலாமா, ஆய்வாளர்கள் மட்டும் போதுமா? 100 கோடி எத்தனை நாள் தாங்கும்? யார் கையில் என்ன அதிகாரம் இருக்க வேண்டும்? உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஜேஆர்எஃப்

வாத்தியாருக்கு வணக்கம். முதல் வேலையாக அந்தக் குவிமாடப் படத்தைச் சுருட்டிப் பரணில் போடச் சொல்லுங்கள்.

தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் கட்டடத்தில் தொடங்கவில்லை. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிவைத்து நடத்திய இயற்பியல் கருத்தரங்கில்தான் தொடங்கியது. ஊருக்கு வரும் வெளிநாட்டு விஞ்ஞானிகளை வீட்டுக்கே அழைத்துவந்து பேசவைப்பார். 1960 தொடக்கத்தில் டென்மார்க் இயற்பியலர் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அந்தச் சின்னக் குழுவைப் பார்த்துவிட்டுப் பாராட்டிப் பேசினார். செய்தி நேரு வரைக்கும் போனது. அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் பிறந்தது, தொடக்க விழாவுக்கு வந்தவர் வானியற்பியலர் எஸ். சந்திரசேகர்.

ஆள் முதலில், பழக்கம் அடுத்து, கட்டடம் கடைசியில். வாரம் ஒருமுறை கூடிப் பேச ஆறு பேர் இல்லாத ஊரில் குவிமாடம் கட்டினால் புறாதான் வரும்.

கணக்குப்பிள்ளை

வாத்தியார் ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன். இந்த மாதிரி நிறுவனம் ஒன்றில் 22 ஆண்டு கணக்குப் பிரிவில் இருந்தவன். எனக்கு ஃபெர்மாவும் தெரியாது, ஃபெர்மியும் தெரியாது. ஆனால் அவர்களைப் படிக்கிறவர்கள் வருஷத்துக்கு எவ்வளவு செலவு வைப்பார்கள் என்று தெரியும்.

100 கோடியை 7 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 7 கோடி. அறக்கட்டளைக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்குச் செலவழித்தாக வேண்டும். 15 சதவீதத்தைத்தான் கேள்வியில்லாமல் சேர்த்து வைக்கலாம். (இன்ன காரியத்துக்கு என்று எழுதிக்கொடுத்து ஐந்தாண்டு வரை கூடுதலாக ஒதுக்கலாம். ஆனால் அதையும் கடைசியில் செலவழித்தே தீர வேண்டும்.) மூலநிதியை எதில் போடலாம் என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. பங்குச் சந்தையில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது.

ஆக, செலவுக்கு 5.95 கோடி. ஒரு பேராசிரியருக்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30 லட்சம் என்று வையுங்கள். எட்டுப் பேருக்கு 2.4 கோடி. போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துச் சில ஆண்டு தற்காலிகமாக வேலை பார்க்கும் ஆய்வாளர்) ஆறு பேர், தலைக்கு 9 லட்சம், 54 லட்சம். ஜேஆர்எஃப் (பிஎச்.டி. செய்யும் இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000. வீட்டு வாடகைப் படியோடு தலைக்கு 5.3 லட்சம் ஆகும், 12 பேருக்கு சுமார் 64 லட்சம். அலுவலகம், மின்சாரம், கணினி, விருந்தினர் விடுதி ஒரு கோடி. வருகையாளர், பயிலரங்கு 75 லட்சம். மொத்தம் 5.33 கோடி. பரவாயில்லையே என்று தோன்றும்.

இனிமேல்தான் வயிற்றைக் கலக்கும் பகுதி. சம்பளம் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பு. உங்கள் மூலநிதி ஏறுவதோ அந்த 15 சதவீதத்தால் மட்டும், ஆண்டுக்கு ஒரு சதவீதம் சொச்சம். 12 வருஷம் கழித்து அதே வட்டியில் பாதி நிறுவனத்தைத்தான் நடத்த முடியும். எட்டில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்புவீர்களா?

அதனால் எட்டில் தொடங்காதீர்கள், நாலில் தொடங்குங்கள். கட்டடத்துக்கு மூலநிதியில் கைவைக்காதீர்கள். குவிமாடத்துக்கு 20 கோடி போனால் மேலே உள்ள எல்லா எண்ணையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

திண்ணை_வாத்தியார்

கணக்குப்பிள்ளை சார், மூன்று தடவை படித்தேன். பேப்பர் பேனா போதும் என்று சொன்ன வாய் இது. நன்றி.

கரும்பலகை

பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனமும் கடை விற்ற பணம்தான் என்பதைப் பெரியவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அமெரிக்காவின் நூவர்க்கில் பல்பொருள் அங்காடி நடத்திய லூயிஸ் பாம்பெர்கரும் அவர் தங்கை கரோலின் பாம்பெர்கர் ஃபுல்டும் 1929இல் சந்தை சரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு கடையை மேசி நிறுவனத்துக்கு விற்றார்கள். அவர்களுக்கு மருத்துவக் கல்லூரி தொடங்கத்தான் ஆசை. பிறகு முதல் இயக்குநரான கல்வியாளர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர்தான் பேசிப் பேசி மனசை மாற்றினார். 1930இல் 50 லட்சம் டாலரோடு தொடங்கினார்கள். ஐன்ஸ்டைன், வெப்லன், வான் நாய்மன் எல்லோரும் வந்தபோது சொந்தக் கட்டடம் கிடையாது. 1939 வரை பல்கலைக்கழகக் கணிதத் துறையின் ஃபைன் ஹாலில்தான் ஒண்டிக்குடித்தனம்.

ஆனால் அங்கே மாணவர் கிடையாது, வகுப்பு கிடையாது. கோட்பாட்டு நிறுவனம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆராய்ச்சியாளனை விடைத்தாள் திருத்தவிட்டால் பிறகு அவன் எப்போது யோசிப்பான்?

போஸ்ட்டாக்_மூன்று

கரும்பலகை சொல்வதோடு ஒத்துப்போக முடியவில்லை. இயற்பியலர் ஃபைன்மன் அந்தப் பிரின்ஸ்டன் நிறுவனத்தின் அழைப்பை ஏற்காததற்குச் சொன்ன காரணமே அதுதான். யோசனை வராத நாட்கள் எல்லோருக்கும் வரும், அன்றைக்கு வகுப்பெடுப்பது ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்றார். வெறும் அறையில் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குற்றவுணர்வு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இது என் மூன்றாவது போஸ்ட்டாக்.

நம்மூரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரின்ஸ்டனுக்குச் சுற்றிலும் பெரிய பல்கலைக்கழகங்கள், ஆட்கள் தானாக வருவார்கள். இங்கே ஆட்களை நாமே வளர்த்தெடுக்க வேண்டும். கணிதவியலர் சி.எஸ். சேஷாத்ரி அதைத்தான் செய்தார். 1989இல் ஸ்பிக் உர நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையில் ஒரு கணிதப் பள்ளியாகத் தொடங்கியது, இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனம். 1998இல் துணிந்து இளநிலை வகுப்பையே ஆரம்பித்தார்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அப்போது இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள்! 2006இல்தான் தானே பட்டம் கொடுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்தது. அதுவரை அந்தப் பட்டத்தை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பணத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்பிக் தொடங்கிவைத்தது. பிறகு அணுசக்தித் துறை, ஸ்ரீராம் குழுமம், இன்ஃபோசிஸ் அறக்கட்டளை என்று பல கைகள் சேர்ந்தன. ஒரே கையை நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும்?

பழைய_ஜேஆர்எஃப்

ஒரே கை என்றதும் சர் சி.வி. ராமன் நினைவுக்கு வருகிறார். 1948இல் பெங்களூரில் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். அரசுப் பணம் வாங்கினால் அறிக்கை எழுத வேண்டும், அறிக்கை எழுதினால் அடிமை என்பது அவர் கட்சி. சொந்தப் பணம், கேட்டு வாங்கிய நன்கொடை, இவற்றிலேயே ஓட்டினார். 1970இல் மறைந்தார். 1972இல் நிறுவனத்தைத் திருத்தி அமைத்து அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதியில் சேர்க்க வேண்டியதாயிற்று. சுதந்திரம் ஒரு மனிதரின் பிடிவாதத்தில் இருந்தது, அவர் போனதும் அதுவும் போனது. அதற்குப் பிறகு அங்கே நல்ல வேலை நடந்தது, நடக்கிறது, அதில் மறுப்பில்லை. ஆனால் ராமன் கேட்ட நிறுவனம் அதுவா?

சந்தேகி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 100 கோடி. கோவையைச் சுற்றி எத்தனை அரசுக் கல்லூரிகளில் கணிதத் துறைக்கு ஒழுங்கான நூலகம் இல்லை? கௌரவ விரிவுரையாளர்கள் என்ன சம்பளத்தில் வேலை செய்கிறார்கள்? எட்டுப் பேர் யோசிப்பதற்கு ஏசி அறை கட்டுவதைவிட அந்தப் பணத்தை அங்கே போட்டால் என்ன? கேட்டால் அடிப்படை ஆராய்ச்சி என்பீர்கள்.

கரும்பலகை

அடிப்படை ஆராய்ச்சி.

திண்ணை_வாத்தியார்

சந்தேகி தம்பி, சிரிக்க வேண்டாம் கரும்பலகை சார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன். 80களில் நான் சின்னக் கல்லூரியில் சேர்ந்தபோது வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பு. எம்.ஃபில். முடித்து ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருந்தேன். கோடை விடுமுறையில் ஒருமுறை ஒரு நிறுவனத்தில் ஆறு வாரம் தங்க இடம் கிடைத்தது. காலையில் நூலகம். சாயங்காலம் நாலு மணிக்கு டீ. அந்த டீக்கு எல்லோரும் வருவார்கள், வந்தால் பலகைப் பக்கத்தில்தான் நிற்பார்கள். மூன்றாவது வாரத்தில் அங்கிருந்த ஒருவர் என் சமன்பாட்டைப் பார்த்துவிட்டு, "குறி தப்பாக இருக்கிறது, இது கழித்தல்" என்றார். ஒன்றரை வருஷமாக நான் மாட்டிக்கொண்டிருந்த இடம் அது. அந்த ஆறு வாரத்தை வைத்துக்கொண்டுதான் மீதி 30 வருஷமும் பாடம் நடத்தினேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஆகவே "கல்லூரியா, நிறுவனமா" என்பதே தப்பான கேள்வி என்று படுகிறது.

பழைய_ஜேஆர்எஃப்

வாத்தியார் சொல்வதைத்தான் பாகிஸ்தான் இயற்பியலர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் ட்ரீஸ்டேயில் தொடங்கிய ஆய்வு மையத்தில் ஒரு திட்டமாகவே செய்தார். வளரும் நாட்டு விஞ்ஞானி சொந்த ஊரைவிட்டு ஓடவும் வேண்டாம், ஊரில் தனியாகக் காய்ந்து போகவும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒரு பிணைப்பு, அவ்வப்போது சில மாதம் வந்து தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம். பாகிஸ்தானில் தான் பட்ட தனிமையிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. கோவையில் நாலு நிரந்தரப் பேராசிரியர், 20 கல்லூரி ஆசிரியர் பிணைப்பு என்று வைத்தால் சந்தேகிக்கும் பதில் கிடைக்கும், கணக்குப்பிள்ளை பட்ஜெட்டும் தாங்கும்.

போஸ்ட்டாக்_மூன்று

நல்ல யோசனை. ஆனால் அந்த 20 பேருக்கும் பயணப்படியை யார் கொடுப்பது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள் சார். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு பயிலரங்குக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைத்தோம். அருமையான ஐந்து சொற்பொழிவுகள். திரும்பும் விமானத்தின் போர்டிங் பாஸைத் தொலைத்துவிட்டார். பணம் போக ஏழு மாதம். ஒவ்வொரு மாதமும் நான்தான் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஏழாவது மாதம் அவர், பணம் வேண்டாம், தயவுசெய்து எனக்கு எழுதுவதை நிறுத்தினால் போதும் என்று பதில் போட்டார். மறுபடி கூப்பிட எனக்கு முகமில்லை.

கணக்குப்பிள்ளை

தம்பி, அந்த ஏழு மாதத்தை நான் மறுக்க மாட்டேன். என் மேசையிலும் அப்படிக் கோப்புகள் கிடந்திருக்கின்றன. ஆனால் அந்தக் குமாஸ்தாவின் பக்கத்தையும் கேளுங்கள். போர்டிங் பாஸ் இல்லாமல் அவர் பில்லைப் பாஸ் செய்துவிட்டால், மூன்று வருஷம் கழித்து தணிக்கையில் அவர் பெயர் வரும், உங்கள் பெயர் வராது. ஓய்வு பெறுகிற மாதத்தில் அந்தப் பத்தியைக் காட்டிப் பணிக்கொடையை நிறுத்தி வைப்பார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன். விதியை எழுதியவர் தில்லியில் இருக்கிறார், திட்டு வாங்குகிறவர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்.

தனி நிறுவனத்துக்கு உள்ள பெரிய வசதி இதுதான். விதியை நீங்களே எழுதலாம். வருகையாளருக்குப் பில் கேட்காமல் ஒரே தொகையாகக் கொடுங்கள். பயணச்சீட்டை நிறுவனமே எடுத்துக் கொடுக்கட்டும். ஐம்பதாயிரத்துக்குக் கீழ் மூன்று கொட்டேஷன் கேட்காதீர்கள். இதையெல்லாம் முதல் நாளே எழுதி, அறங்காவலர் கையெழுத்து வாங்கி, கணக்கர் மேசையில் ஒரு பிரதி வையுங்கள். குமாஸ்தாவுக்குப் பயமில்லாவிட்டால் பில் நிற்காது.

மார்ச் மாத விஷயமும் ஒன்று உண்டு. அரசுப் பணம் என்றால் மார்ச் 31க்குள் தீர்த்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். தீராவிட்டால் அடுத்த ஆண்டு வெட்டு. அதனால் பிப்ரவரியில் யாருக்கும் தேவையில்லாத பிரிண்டர் வாங்குவோம். உங்களுக்கு அந்தத் தலைவலியே வேண்டாம்.

ஆனால் அரசு நிறுவனத்துக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்று சிலவும் உண்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் ஆய்விதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத்தான். உங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். கம்பெனிகள் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு முன்பு 150 சதவீதம் வரிக்கழிவு இருந்தது, 2020 ஏப்ரலோடு அது 100 ஆகிவிட்டது. நன்கொடை கேட்டுப் போனால் ஆடிட்டர்கள் முன்னைப் போல முகம் மலர மாட்டார்கள்.

கரும்பலகை

இதழ்ச் சந்தா பெரிய இடி இல்லை. எங்கள் துறைகளில் ஆர்க்கைவ் (arXiv) என்ற இலவச இணையக் களஞ்சியம் 1991இல் தொடங்கியது, புதுக் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். பழைய இதழ்களுக்குத்தான் அலைய வேண்டும்.

மாணவர் விஷயத்தில் ஒரு படி இறங்கி வருகிறேன். பிஎச்.டி. மாணவர்கள் இருக்கட்டும். ஆனால் பட்டம் நிறுவனம் கொடுக்க முடியாது, ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தாக வேண்டும். அந்த ஒப்பந்தத்தை மாணவர் வருவதற்கு முன்பு முடியுங்கள்.

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பிரின்ஸ்டனில் ஃப்ளெக்ஸ்னர் எப்படி வெளியே போனார் தெரியுமா? பேராசிரியர்களைக் கேட்காமல் இரண்டு பொருளாதார அறிஞர்களை நியமித்தார். கலகம் வெடித்தது, 1939இல் விலகினார். கட்டி எழுப்பினவருக்கே அந்த நிலை. 1973இல் மறுபடி அதே கதை. இயக்குநர் கார்ல் கேசன் சமூகவியலர் ராபர்ட் பெல்லாவைக் கொண்டுவர நினைத்தார். பேராசிரியர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தும் அறங்காவலர்கள் இயக்குநர் பக்கம் நின்றார்கள். பத்திரிகை வரைக்கும் நாறியது. கடைசியில் பெல்லாவே வேண்டாம் என்று ஒதுங்கினார்.

இந்த விஷயத்தில் பேராசிரியர்கள் எல்லாம் தெரிந்த ஞானிகள் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே இடத்தில் வான் நாய்மன் கட்டிய கணினியில் வானிலைக் கணிப்பே நடந்தது. இங்கே எதற்கு இயந்திரமும் எண்ணெயும் என்று முகம் சுளித்தவர்கள் அவருடைய சகாக்கள். அவர் 1957இல் இறந்தார், அடுத்த ஆண்டே திட்டத்தை மூடிவிட்டார்கள். கையில் இருந்த ஒரு துறையே போயிற்று.

போஸ்ட்டாக்_மூன்று

அப்படியென்றால் யார்தான் முடிவெடுப்பது?

கரும்பலகை

ஆள் எடுப்பது பேராசிரியர்கள், வெளியாட்கள் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து. அறங்காவலர் குழு "இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பணம் இருக்கிறது" என்பதை மட்டும் சொல்லட்டும், யார் என்று சொல்லக் கூடாது. இயக்குநருக்கு ஐந்தாண்டு, மிஞ்சினால் இன்னொரு ஐந்து. குடும்பத்தில் யாரும் இயக்குநர் ஆகக் கூடாது. இந்தக் கடைசி வரியை எப்படி எழுதுவது என்பது வாத்தியார் சாமர்த்தியம்.

யாருடைய பணம் என்பதையும் ஒளிக்கக் கூடாது. பாரிஸ் பக்கத்தில் உள்ள உயர் அறிவியல் ஆய்வு நிறுவனம், 1958இல் லியோன் மோட்சான் தொடங்கியது, கணிதவியலர் க்ரோதெண்டிக் அதன் உயிர்நாடி. நிதியில் ஒரு பகுதி பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் 1970இல் வெளியேறிவிட்டார். சின்னத் தொகைதான். எவ்வளவு என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

சந்தேகி

சரி, ஒன்று ஒப்புக்கொள்கிறேன், ஆசிரியர் பிணைப்பு இருந்தால் நான் எதிர்க்கவில்லை. என் கல்லூரியிலிருந்தே இரண்டு பேர் வருவோம். ஊருக்கும் ஏதாவது செய்யுங்கள். டப்ளினில் 1940இல் அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா தொடங்கிய உயராய்வு நிறுவனத்துக்குப் பொதுமக்களுக்கு உரை நிகழ்த்துவது சட்டத்திலேயே கடமை. அந்தக் கடமைக்காகத்தான் இயற்பியலர் ஷ்ரோடிங்கர் 1943இல் "உயிர் என்றால் என்ன?" என்று பேசினார். டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்த வாட்சனையும் கிரிக்கையும் உயிரியல் பக்கம் இழுத்ததில் அதற்குப் பங்குண்டு. தமிழில் மாதம் ஓர் உரை, கேள்வி கேட்க ஒரு மணி நேரம். அவ்வளவு போதும்.

திண்ணை_வாத்தியார்

(ஐந்து வாரம் கழித்து)

கூட்டம் முடிந்தது. குறிப்பு இரண்டு பக்கம் தாண்டி ஏழு பக்கம் ஆகிவிட்டது, பெரியவர் பேத்தியை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். கணக்குப்பிள்ளையின் 12 வருஷக் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தி, "நூல் விலையும் கூலியும் இதே மாதிரிதான் ஓடிச்சு, அப்படித்தான் மில்லை மூடினேன்" என்றார். அதற்குப் பிறகு குவிமாடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாலு பேராசிரியர், ஆறு போஸ்ட்டாக், 15 ஆசிரியர் பிணைப்பு என்று முடிவாகியிருக்கிறது. பிஎச்.டி. மூன்றாம் ஆண்டிலிருந்து, பல்கலைக்கழக ஒப்பந்தம் கையில் வந்த பிறகு. இடம், மில்லின் பழைய அலுவலகக் கட்டடம். அதை விற்காமல் வைத்திருந்தார்கள். மேல்மாடியில் நூல் மாதிரி பார்க்கும் கூடம், வடக்குப் பார்த்த ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். குடும்பத்தார் இயக்குநர் ஆகக் கூடாது என்ற வரியைப் படித்தபோது மூத்த மகன் முகம் சுருங்கியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை அடிக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில்தான் கவலை.

வேறொரு சின்னச் சந்தேகம். கூடத்தின் நீளச் சுவர் முழுக்கப் பலகை போடலாம் என்று இருக்கிறோம். சாக்பீஸ் எது நல்லது? நம்மூர்ச் சாக்பீஸ் தூசியில் எனக்கே பாதி ஆயுள் போய்விட்டது.

கரும்பலகை

ஹகோரோமோ. ஜப்பான்காரர் 2015இல் மூடிவிட்டார், இப்போது கொரியாவில் அதே முறையில் செய்கிறார்கள். விலையைப் பார்க்காதீர்கள். ஒருமுறை எழுதினால் வேறு எதையும் தொட மாட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை

ஐம்பதாயிரத்துக்குக் கீழேதானே வரும்? அப்படியென்றால் கொட்டேஷன் வேண்டாம், வாங்கிவிடுங்கள். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.